செவிலியர் மாணவர் ஆய்வு: பெயரே வேண்டாமா, பெயர்ப் பட்டியலைப் பூட்டிவைக்கலாமா?

முல்லை: 60 பேர் வகுப்பு. பயிற்சிக்கு முன்னும் பின்னும் மன அழுத்த வினாத்தாள். ஆய்வு செய்பவரே இன்டர்னல் மார்க் போடும் ஆசிரியர். அப்படியானால் பெயரோ ரோல் நம்பரோ வாங்கவே கூடாது. அம்மா பெயரின் முதல் எழுத்து, பிறந்த தேதி, கைபேசியின் கடைசி இரண்டு எண்கள் என மாணவரே இரண்டு தாளிலும் ஒரே குறியீட்டை எழுதட்டும், முன்தாளையும் பின்தாளையும் அதை வைத்து இணைக்கலாம்.

வரம்பு: அந்த மூன்றும் சேர்க்கை விண்ணப்பத்தில் இருக்கின்றனவே! கோப்பைத் திறந்தால் ஆள் யாரென்று தெரிந்துவிடும். வகுப்புக்குத் தொடர்பில்லாத ஒருவர் பெயர்ப் பட்டியலை வைத்துக்கொள்ளட்டும். ஆசிரியரிடம் எண்ணிட்ட தாள் மட்டும் வரட்டும், அதுவும் மதிப்பெண் வெளியான பிறகு.

முல்லை: விண்ணப்பம் பற்றிச் சொன்னது சரி. கேள்விகளை மாற்றலாம்: அம்மாவைப் பெற்ற பாட்டி பெயரின் முதல் எழுத்து, மூத்த உடன்பிறப்புகள் எத்தனை பேர், இப்படி மாறாத ஐந்து. நான்கு பொருந்தினால் ஒரே ஆள் என்று கொள்ளலாம். ஆனால் பட்டியல் இருக்கிறது என்று தெரிந்தாலே மாணவர்கள் 'அழுத்தமே இல்லை' என்றுதான் டிக் செய்வார்கள்.

வரம்பு: மனச்சோர்வை அளக்கும் பிஎச்க்யூ-9 வினாத்தாளின் ஒன்பதாவது கேள்வி, செத்துப்போனால் தேவலை என்ற எண்ணம் வந்ததா என்று கேட்கிறது. ஒருவர் 3 போட்டிருக்கிறார் என்று வையுங்கள், ஏறக்குறைய தினமும் என்று பொருள். 60 பேரில் யாரைக் கூப்பிடுவீர்கள்? உதவி எண்ணை அச்சிட்டால் போதாது, அந்த நிலையில் இருப்பவர் தானாக அழைப்பது அரிது.

தாழ்வாரம்: இருவரும் குறியீட்டிலேயே நிற்கிறீர்கள். முடிவுகளை வெளியிடும் அட்டவணையிலும் ஆள் வெளிப்படுவார். ஆண்கள் 4 பேர்தான் என்றால், 'ஆண், விடுதி, 25 வயதுக்கு மேல்' என்ற கட்டத்தில் ஒருவரே மிஞ்சுவார். 5 பேருக்கும் குறைவாக உள்ள கட்டங்களை ஒன்றாகச் சேருங்கள். ஒரு கட்டத்தை மட்டும் மறைத்தால் கூட்டுத்தொகையிலிருந்து கழித்துக் கண்டுபிடித்துவிடலாம். 'பிரசவ அறைக்குள் என்னை விடவில்லை' என்று ஒரு மாணவர் எழுதியதை அறிக்கையில் மேற்கோள் காட்டுவதும் அப்படித்தான், வகுப்பே ஆளைச் சொல்லிவிடும். கையெழுத்திட்ட ஒப்புதல் படிவமும் வினாத்தாளும் ஒரே வரிசையில் அடுக்கப்பட்டால் குறியீடு வீண். இரண்டுக்கும் தனித்தனிப் பெட்டி வையுங்கள்.

முல்லை: அட்டவணை பற்றிச் சொன்னதை ஏற்கிறேன். ஒன்பதாவது கேள்விக்கு என் பதில்: அழுத்தத்தை அளக்க பிஎச்க்யூ-9 எதற்கு? அந்தக் கேள்வி இல்லாத அளவுகோலை எடுங்கள்.

வரம்பு: அழுத்தத்துக்கு மட்டும் என்றால் சரி. மனச்சோர்வை அளப்பதானால் பட்டியல் இருந்தே ஆக வேண்டும், அது ஆலோசகரிடம் இருக்கட்டும். எந்த விடைக்குப் பெயரைத் திறப்பார், எந்தத் தேதியில் பட்டியலை அழிப்பார் என்ற இரண்டும் ஒப்புதல் படிவத்தில் முதலிலேயே இருக்க வேண்டும்.

முல்லை: ஆலோசகருக்கும் சம்பளம் கொடுப்பது அதே கல்லூரிதானே? வெளியாள் என்றால் சம்மதம்.