லூச்சா லிப்ரே படத்திற்குத் தமிழ் வசன வரி: இரண்டு சொற்களில் சிக்கியிருக்கிறேன்

நண்பர்களுக்கு வணக்கம். லாஸ் ஏஞ்சலிஸில் குடியேறிய மெக்சிகோ குடும்பம் ஒன்றைப் பற்றிய 22 நிமிடக் குறும்படத்திற்கு, அடுத்த மாதத் திரையிடலுக்காகத் தமிழில் வசன வரி எழுதி வருகிறேன். பகலில் கட்டட வேலை செய்யும் தந்தை, சனிக்கிழமை இரவுகளில் முகமூடி அணிந்து, லூச்சா லிப்ரே எனப்படும் மெக்சிகோ மல்யுத்தம் செய்கிறார். அது மகனுக்கு நெடுநாள் தெரியாது.

லூச்சா லிப்ரேயில் வீரர்கள் இரு அணியினர். விதிகளை மதித்து நுட்பமாக மோதுபவர் 'தெக்னிக்கோ', விதிகளை மீறி முரட்டுத்தனமாக மோதுபவர் 'ரூடோ'. "அப்பா, நீங்கள் ரூடோவா?" என்று மகன் கேட்கும் இடத்தில்தான் படமே திரும்புகிறது.

முதலில் 'நல்லவன், கெட்டவன்' என்று எழுதினேன். அது தவறு, ரூடோவுக்கென்றே உயிரை விடும் ரசிகர்கள் உண்டு, 1942-இல் வெள்ளி முகமூடியுடன் களமிறங்கிய புகழ்பெற்ற மல்யுத்த வீரர் எல் சாந்தோவே பல ஆண்டுகள் ரூடோவாகத்தான் மோதினார். 'நாயகன், வில்லன்' சினிமா வாடையடித்தது. 'முரடன்' என்பது மகன் தந்தையை ஏசுவதாக ஒலித்தது. ஸ்பானியச் சொற்களையே விட்டுப் பார்த்தேன்; முன்னோட்டம் பார்த்த ஐவரில் நால்வருக்குப் புரியவில்லை. வரி திரையில் நிற்பது இரண்டே வினாடி என்பதால் விளக்கம் சேர்க்க வழியில்லை.

களத்தில் மோதும் முறையை மட்டும் சுட்டி, மனிதனின் குணத்தைத் தீர்ப்பிடாத ஒரு தமிழ்ச் சொல் 'ரூடோ'வுக்கு உண்டா?