ஜப்பானில் விடுதியில் தங்கியவர்கள் கொஞ்சம் வழி சொல்லுங்கள்

வணக்கம், செங்கோட்டையில் இருந்து எழுதுகிறேன். அடுத்த மாதம் அம்மாவையும் அத்தையையும் கூட்டிக்கொண்டு திருவனந்தபுரம் போய் விமானம் ஏறுகிறோம், டோக்கியோவில் நான்கு இரவு, கியோட்டோவில் பாய் விரித்த பழைய பாணி விடுதியில் இரண்டு இரவு. அம்மாவுக்கு 67 வயது, ஆரியங்காவு, குருவாயூர் தாண்டி வெளியே தங்கியதே இல்லை.

டிப்ஸ் கொடுக்கும் வழக்கம் அங்கே இல்லை, பாய் மேல் செருப்போடு போகக் கூடாது, இதெல்லாம் தெரியும். அப்புறம் விடுதியில் தரும் யுகாட்டா அங்கியை இடப்பக்கம் மேலே வரும்படிதான் கட்ட வேண்டுமாம், வலப்பக்கம் மேலே வந்தால் அது இறந்தவருக்கு உடுத்தும் முறை. இதைக் கேட்டதில் இருந்து அம்மா வீட்டில் பழைய நைட்டியை முன்பக்கம் வெட்டிவிட்டு மாட்டிப் பழகுகிறார்.

எனக்குப் பெரிய கவலை சாப்பாடுதான். இரண்டு பேரும் சுத்த சைவம், அங்கே காய்கறி சூப், நூடுல்ஸ் சாற்றில்கூட மீன் கொதித்த தண்ணீர் சேர்ப்பார்கள், "மீன் வேண்டாம்" என்று மட்டும் சொன்னால் போதாது என்கிறார்கள். விடுதிக்கு முன்கூட்டியே எப்படி எழுதினீர்கள்? அங்கே கரண்ட் 100 வோல்ட்தான், நம்ம ஊர் குக்கர் சரியாகச் சூடாகாது, அம்மாவின் காலைக் கஞ்சிக்கு என்ன செய்யலாம்?

இன்னொன்று, பொதுக் குளியலில் உடையில்லாமல்தான் இறங்க வேண்டும், பெண்களுக்குத் தனி இடம் என்றாலும் அம்மா ஒத்துக்கொள்ள மாட்டார். குடும்பத்துக்கு மட்டும் தனியாகத் தரும் குளியல் அறையை நேரம் சொல்லி முன்பதிவு செய்தவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள்.