கியோட்டோவை மிதிவண்டியில் சுற்றிப் பார்ப்பது எங்களுக்கு ஏற்றதா?

கேள்வி:

அனைவருக்கும் வணக்கம். நவம்பர் இறுதியில் நானும் என் மனைவியும் கியோட்டோவில் மூன்று நாள்கள் தங்கவிருக்கிறோம். இலைகள் சிவக்கும் அப்பருவத்தில் நகரப் பேருந்துகளில் நிற்கவும் இடமிருக்காது என்று கேள்விப்பட்டதால், ரயில் நிலையத்தருகே மிதிவண்டிகளை வாடகைக்கு எடுத்துக்கொள்ள எண்ணுகிறோம். இருவரும் ஐம்பதைத் தாண்டியவர்கள். மேடு ஏறினால் என் மனைவிக்கு முழங்கால் வலிக்கும். வரைபடத்தில் ஊர் சமதளமாகத் தெரிகிறது. உண்மையிலும் அப்படித்தானா?

பதில் 1:

பாதிதான் உண்மை. 794ஆம் ஆண்டில் ஜப்பானின் தலைநகராக அமைத்தபோதே சதுரங்கக் கட்டம்போல் தெருக்களை வகுத்துவிட்டதால், அங்கே வழி தவறுவது அரிது. ஆனால் ஊர் முழுவதும் வடக்கு நோக்கி மெல்ல உயர்ந்துகொண்டே போகிறது. தெற்கே தோஜி கோயிலின் ஐந்து நிலைக் கோபுரம் 55 மீட்டர் உயரம். வடக்கே உள்ள கித்தாவோஜி தெருவின் தரைமட்டம் அக்கோபுரத்தின் உச்சியோடு ஏறக்குறைய ஒத்திருக்கும் என்று சொல்வார்கள். முகவரியில்கூட வடக்கே போவதை ‘ஏறுதல்’ என்றும் தெற்கே போவதை ‘இறங்குதல்’ என்றும்தான் எழுதுகிறார்கள்.

ஆகவே, கால்கள் சோராத காலை வேளையிலேயே காமோ ஆற்றங்கரைப் பாதையில் வடக்கே சென்றுவிடுங்கள். கமிகாமோ ஆலய முற்றத்தில் கூம்பாகக் குவித்த இரு மணற்குவியல்களைப் பார்த்துவிட்டுத் திரும்பினால், மீதி நாள் முழுவதும் இறக்கம்தான். வழியில் ஷிமொகாமோ ஆலயத்தின் பழங்காடு இருக்கிறது. அதையடுத்து இரு ஆறுகள் கூடுமிடத்தில், ஆமை வடிவக் கற்களின்மேல் பிள்ளைகள் தாவித் தாவி ஆற்றைக் கடந்துகொண்டிருப்பார்கள்.

அங்கிருந்து அரண்மனைப் பூங்காவுக்குள் நுழையுங்கள். அகன்ற பாதைகளெல்லாம் சரளைக்கல் என்பதால் சக்கரம் புதையும். ஆனால் உற்றுப் பார்த்தால், உள்ளூர் மிதிவண்டிகள் நாள்தோறும் ஓடி ஓடி உண்டாக்கிய ஒற்றைத் தடம் ஒன்று, ஒரு சாண் அகலத்தில் கோடு கிழித்ததுபோல் போகும். எதிரே யாரேனும் வந்தால் இருவரில் ஒருவர் சரளையில் இறங்கத்தான் வேண்டும். நான் போனபோது ஒரு மூதாட்டி எனக்காக இறங்கி நின்றார், வெட்கமாகப் போய்விட்டது. பூங்காவின் தென்மேற்கில் நிஜோ கோட்டை. 1603இல் ஜப்பானை ஆண்ட படைத்தலைவர் தொகுகாவா இயேயசு கட்டியது. அதன் உள்மாளிகையில் நடக்கும்போது தரைப்பலகைகள் பறவை கீச்சிடுவதுபோல் ஒலிக்கும். பலகைக்கு அடியிலுள்ள இரும்புப் பிடிகளும் ஆணிகளும் உரசுவதால் எழும் ஓசை அது.

பதில் 2:

மேலே சொன்னதை ஏற்கிறேன். கின்காகுஜி பொற்கோயில், பதினைந்து கற்கள் கொண்ட ரியோவான்ஜி தோட்டம், நின்னாஜி கோயில் ஆகிய மூன்றையும் இணைக்கும் மேற்குச் சாலைக்கும் ஆசைப்படுவீர்கள். அது மலையடிவாரம், ஏற்ற இறக்கம் உண்டு. முழங்கால் வலி இருப்பதால், மிதிக்கும்போது மோட்டார் கைகொடுக்கும் வண்டியாகவே அன்று எடுத்துக்கொள்ளுங்கள். கிழக்கே கியோமிசு கோயிலுக்கு மட்டும் மிதிவண்டி வேண்டாம். படிகளும் கூட்டமும் நிறைந்த அந்தச் சரிவுகளை நடந்தே பாருங்கள்.

கேட்டவர்:

மிக்க நன்றி. வண்டியைக் கோயில் வாசலிலேயே நிறுத்திவிட்டுப் போகலாமா?

பதில் 3:

கூடவே கூடாது. ஐந்து நிமிட வேலைதானே என்று ஒரு கடையோரம் பூட்டிவிட்டுப் போனேன். திரும்பி வந்தபோது வண்டி இல்லை. அதை அப்புறப்படுத்திவிட்டதாகச் சொல்லும் அறிவிப்பு மட்டுமே இருந்தது. ஊர்க்கோடியிலிருந்த கிடங்கைத் தேடிப் பிடித்து, அபராதம் கட்டி மீட்பதற்குள் அரைநாள் போயிற்று. கோயில்களில் நிறுத்துமிடம் எங்கே என்று கேட்டு, அங்கேயே விடுங்கள். நகர நடுவில் கட்டண நிறுத்தங்கள் இருக்கின்றன. நம் ஊரைப் போலவே இடப்பக்கம்தான் ஓட்ட வேண்டும், கூரையிட்ட கடைத்தெருக்களில் இறங்கித் தள்ளிக்கொண்டு போக வேண்டும். நவம்பர் இறுதியில் மாலை ஐந்து மணிக்கு முன்பே சூரியன் மறைந்துவிடும் என்பதால், வாடகைக்கு எடுக்கும்போதே முன்விளக்கு எரிகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.