சென்னை – பெங்களூரு: இன்னும் மனதை உறுத்தும் ஒரு சம்பவம் சொல்லுங்கள்

திருவல்லிக்கேணிக்காரி

பெங்களூரு ஜெயநகரில் ஒரு தர்ஷினி, அதாவது நின்றபடி சாப்பிடும் சின்ன ஹோட்டல். சாம்பாரில் வெல்லம் தூக்கலாக இருந்தது. கவுண்டரில் போய், "வெல்லம் போடாத சாம்பார் இருக்காண்ணா?" என்று கேட்டேன். பக்கத்து மேடையில் நின்று சாப்பிட்டுக்கொண்டிருந்த பெரியவர் ஸ்பூனைத் தட்டில் வைத்துவிட்டு, நல்ல தமிழில் சொன்னார்: "ஏம்மா, உங்க ஊருக்கு வந்து நாங்க காரத்தைக் குறைக்கச் சொன்னோமா?"

அதட்டவில்லை. அப்படி ஒரு வருத்தம் அந்த முகத்தில். அவர் தட்டில் இட்லி பாதி அப்படியே இருந்தது, அதற்குமேல் சாப்பிடாமல் கை கழுவப் போய்விட்டார். நான் கேட்டதில் தப்பில்லை என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன். எங்கள் திருவல்லிக்கேணி ரத்னா கபேயில் இட்லி முங்க சாம்பார் ஊற்றிச் சாப்பிட்டு வளர்ந்த நாக்கு இது, அதற்கு வேண்டியதைத்தான் கேட்டேன். ஆனால் அந்த முகம் மறக்கவே மாட்டேன் என்கிறது.

கதீட்ரல் ரோடு

மேலே எழுதிய சகோதரிக்கு: சாம்பாருக்குச் சென்னை மட்டும் சொந்தம் கொண்டாட முடியாது. நீங்கள் சொல்லும் ரத்னா கபேயைத் தொடங்கியதே வடக்கேயிருந்து வந்த குடும்பம். சென்னையில் சைவ ஹோட்டலுக்குப் பாதை போட்டவர்களில் பாதிப்பேர் உடுப்பிக்காரர்கள். உட்லண்ட்ஸ் ஹோட்டலைத் தொடங்கிய கிருஷ்ணராவ் அந்தப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்து, ஹோட்டலில் எடுபிடி வேலையில் ஆரம்பித்து மேலே வந்தவர். அவர்கள் கைப்பக்குவத்தைத்தான் நாம் இன்று 'நம்ம சாம்பார்' என்கிறோம். தர்ஷினிப் பெரியவர் கேட்டது நியாயம்.

என் கதை சின்னது. 2008இல் உட்லண்ட்ஸ் டிரைவ்-இன் மூடப்போகிறார்கள் என்று தெரிந்ததும் அப்பாவைக் கூட்டிக்கொண்டு போனேன். கார் ஜன்னலில் தட்டை மாட்டிய சர்வருக்குத் தலை முழுக்க நரைத்திருந்தது. உடுப்பிப் பக்கம் குந்தாபூர்க்காரராம். "இனிமே ஊரா?" என்று அப்பா கேட்டார். "ஊர்ல யாரு இருக்கா சார்? எனக்குத் தெரிஞ்ச மனுஷங்க எல்லாம் இங்கதான் இருக்காங்க" என்று சொல்லிவிட்டு, டவராவில் சிந்தியிருந்த காபியைத் துடைத்தார். இப்போது அந்த இடத்தில் செம்மொழிப் பூங்கா. அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் அவர் எங்கே போனாரோ என்றுதான் தோன்றுகிறது.

ஸ்ரீராம்புரம்

சாம்பார் சண்டையை விடுங்கள். 12 செப்டம்பர் 2016. காவிரித் தீர்ப்பு, பெங்களூரில் தமிழ்நாட்டு பஸ்கள் எரிந்தது எல்லாம் உங்களுக்கே தெரியும். மச்சான் முந்தின நாள்தான் வேலூரிலிருந்து பைக்கில் வந்திருந்தான். வாசலில் டிஎன் நம்பர் பிளேட்டோடு வண்டி நிற்கிறது, தெருமுனையில் சத்தம் கேட்கிறது. நான் சாவியைத் தேடிக்கொண்டிருக்கும்போதே கீழ்வீட்டு அஜ்ஜி, எழுபது வயதுக்கு மேல் இருக்கும், வெளியே வந்து, துவைக்க ஊறவைத்திருந்த தன் புடவையை அப்படியே பிழியாமல் நம்பர் பிளேட்டின் மேல் போட்டார். வண்டியிலிருந்து சோப்புத் தண்ணீர் சொட்டுகிறது. அஜ்ஜி பக்கத்தில் ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்துவிட்டார். கும்பல் வந்தது, பார்த்தது, போயிற்று. அஜ்ஜி கன்னடத்தில் அவர்களிடம் என்ன சொன்னார் என்று எனக்குக் கேட்கவில்லை.

அதே நாள் விடிகாலையில் மயிலாப்பூரில் ஒரு கன்னடக்காரர் ஹோட்டலையும் அடித்திருந்தார்கள். அங்கேயும் யாராவது ஒரு பாட்டி குறுக்கே உட்கார்ந்திருக்கக் கூடாதா என்று நினைத்துக்கொள்வேன்.

மகாதேவபுரா ஃபிளாட்

ஸ்ரீராம்புரம் சார், அஜ்ஜிக்குக் கோடி நமஸ்காரம். என் அனுபவம்: 2024 மார்ச்சில் போர்வெல் வற்றி, டேங்கரும் வராத ஒரு காலை. லிஃப்டில் பக்கத்து வீட்டுக்காரர் என்னைப் பார்த்து, "2019இல் உங்க ஊருக்கு ரயிலில் தண்ணி வந்துச்சே, அப்ப நாங்க சிரிச்சோம்" என்றார். அவர் கையிலும் காலி பக்கெட், என் கையிலும் காலி பக்கெட்.

இதைப் படிக்கிற, சென்னையிலிருந்து பெங்களூருக்கு வேலை மாறப்போகிற தம்பி தங்கைகளுக்குச் சில விஷயம் சொல்கிறேன். வீடு பார்க்கும்போது முதல் கேள்வி வாடகை இல்லை, தண்ணீர். காவேரி லைனா, போர்வெல்லா, டேங்கரா என்று கேளுங்கள். ஓனரிடம் கேட்டால் போதாது, செக்யூரிட்டியிடம் தனியாகக் கேளுங்கள், அவர்தான் உண்மையைச் சொல்வார். காவேரித் தண்ணீர் இந்த ஊருக்குச் சுமார் 100 கிலோமீட்டர் தள்ளியிருந்து, மேட்டுக்குப் பம்ப் செய்துதான் வருகிறது. ஊரின் ஓரத்திலிருக்கும் 110 கிராமங்களுக்காகப் போட்ட ஐந்தாம் கட்டத் திட்டமே 2024 அக்டோபரில்தான் திறந்தது. அதனால் 'லைன் வந்துவிட்டது' என்று சொன்னால், குழாயைத் திறந்து காட்டச் சொல்லுங்கள்.

அப்புறம் வண்டி. ஒரு வருஷத்துக்குமேல் தங்குவதாக இருந்தால் கர்நாடகப் பதிவுக்கு (கேஏ) மாற்ற வேண்டும், ரோடு டாக்ஸ் கணிசமாக வரும். ஊர் வண்டியைக் கொண்டுவருவதற்கு முன்னால் கணக்குப் போட்டுப் பாருங்கள். ரயிலில் வருபவர்கள், வொயிட்ஃபீல்டு பக்கம் வேலை என்றால், மெஜஸ்டிக்கில் இருக்கும் பெரிய ஸ்டேஷன் வரைக்கும் போகாதீர்கள். கே.ஆர். புரத்தில் நிற்கும் வண்டியாகப் பார்த்து இறங்கி பர்ப்பிள் லைன் மெட்ரோ பிடியுங்கள், ஒரு மணி நேரம் மிச்சம். கடைசியாக ஒன்று. கன்னடம் நாலு வார்த்தையாவது முதல் வாரத்திலேயே கற்றுக்கொள்ளுங்கள். தமிழ் புரியும் என்பதற்காகத் தமிழிலேயே பேசிக்கொண்டிருந்தால் அவர்களுக்கு வலிக்கும். நம் ஊரில் அதே வலி நமக்கு இருக்கிறதே.

சிவாஜிநகர் பையன்

மகாதேவபுரா அண்ணா, நல்லதுக்குத்தான் சொல்கிறீர்கள். ஆனால் தமிழ் பேசுகிறவன் எல்லாம் வெளியூரிலிருந்து வந்தவன் என்று நீங்களே முடிவு பண்ணிவிட்டீர்கள், பாருங்கள். என் கொள்ளுத்தாத்தா காலத்திலிருந்து நாங்கள் பெங்களூரு கண்டோன்மென்ட் பகுதிதான். கன்னடம் எனக்குத் தாய்மொழி மாதிரிதான்.

18 மே 2024, சின்னசாமி ஸ்டேடியம். ஐபிஎல் மேட்ச், நான் சிஎஸ்கே மஞ்சள் சட்டை. கடைசி ஓவர், ஜெயிக்காவிட்டாலும் பிளேஆஃப் போக 17 ரன் போதும். முதல் பந்து தோனி அடித்த சிக்ஸர் 110 மீட்டர், கூரையைத் தாண்டிப் போயிற்று. அடுத்த பந்திலேயே அவுட். 27 ரன்னில் தோற்றோம், ஆர்சிபி உள்ளே, நாங்கள் வெளியே. அதெல்லாம் விளையாட்டு, சரி. வெளியே கப்பன் ரோட்டில் நடந்து வரும்போது என் வயசுப் பையன் ஒருவன் வண்டியை என் பக்கம் ஒடித்து நிறுத்தி, "சென்னைக்கு ட்ரெயின் ஏறுடா" என்றான். கன்னடத்தில், என் முகத்துக்கு நேராக.

நான் கன்னடத்திலேயே, "என் வீடு இங்கிருந்து நடக்குற தூரம்" என்றேன். அவன் முகம் மாறிவிட்டது. ஹெல்மெட்டைக் கழற்றி என்னையே பார்த்தான். ஏதோ சொல்ல வாயெடுத்தான், பின்னால் ஹாரன் அடித்தார்கள், போய்விட்டான். பயமாகக்கூட இல்லை. சென்னையில் அத்தை வீட்டுக்குப் போனால், 'வாடா பெங்களூர்க்காரா, உங்க ஆளுங்க தண்ணி விடமாட்டேங்கிறாங்களே' என்பார்கள். அங்கேயும் நான்தான் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது.

அயனாவரம் அக்கா

தம்பி, உன் கதையைப் படித்தபின் எழுதாமல் இருக்க முடியவில்லை.

எங்கள் அயனாவரம் பூங்காவில் கன்னடக் கவிஞர் சர்வக்ஞர் சிலை இருக்கிறது. நிறையப் பேருக்கு அது யாரென்றே தெரியாது. ஒருநாள் சாயங்காலம் ஒரு வயதான தம்பதி, கையில் துணிப்பையோடு, அரைகுறைத் தமிழில் வழி கேட்டார்கள். நானே கூட்டிப்போனேன். அம்மா பையிலிருந்து பூச்சரத்தை எடுத்தார், சிலை உயரம், எட்டவில்லை. அங்கே விளையாடிக்கொண்டிருந்த ஒரு பொடியன் பீடத்தில் ஏறி வைத்துக்கொடுத்தான். ஐயா செருப்பைக் கழற்றிவிட்டு, மூன்று மூன்று அடியாக இருந்த பாட்டுகளை நிறுத்தி நிறுத்திச் சொன்னார். நாங்கள் குறள் சொல்வோமே, அந்த நிறுத்தம்தான்.

அவர்தான் சொன்னார்: பெங்களூரு அல்சூர் ஏரிக்கரையில் வள்ளுவர் சிலையை 1991இலேயே வைத்துவிட்டு, எதிர்ப்பினால் திறக்க முடியாமல் 18 வருஷம் மூடியே வைத்திருந்தார்களாம். 2009 ஆகஸ்ட் 9 அங்கே வள்ளுவர், 13 இங்கே சர்வக்ஞர், அப்போதைய முதல்வர்கள் கருணாநிதியும் எடியூரப்பாவும் சேர்ந்து நின்று திறந்தது. மூடியிருந்த காலத்தில் அந்த ஐயா தினமும் ஆபீஸுக்கு அந்த வழியாகத்தான் போவாராம். "பாக்கும்போது எனக்கே வெக்கமா இருக்கும்மா" என்றார். அவர் ஏன் வெட்கப்பட வேண்டும் என்று அன்று எனக்குக் கேட்கத் தோன்றவில்லை.

உன் வீட்டிலிருந்து அல்சூர் ஏரி பக்கம்தானே? அங்கே வள்ளுவரைத் தேடிக்கொண்டு சென்னையிலிருந்து யாராவது வந்து பார்த்திருக்கிறாயா? எழுது தம்பி.