ஹெர்பீஸ் தொற்றிய செல்களில் ஆர்என்ஏ பாலிமரேஸ் 2-இன் மேல்பட்டை மறைகிறது: சாறெடுத்ததில் பிழையா?

கேள்வி:
வணக்கம். ஹேலா என்னும் ஆய்வக மனிதச் செல்களில் ஹெர்பீஸ் சிம்ப்ளெக்ஸ் வகை 1 வைரஸைத் தொற்றச் செய்து, 6 மணி நேரம் கழித்து எடுத்த சாற்றை வெஸ்டர்ன் பிளாட்டில் (புரதங்களை ஜெல்லில் பிரித்து ஆன்டிபாடியால் காணும் முறை) பார்க்கிறேன். தொற்றாத செல்களில் மரபணுக்களை ஆர்என்ஏவாகப் படியெடுக்கும் நொதியான ஆர்என்ஏ பாலிமரேஸ் 2-இன் பெரிய துணையலகான ஆர்பிபி1 வழக்கம்போல் இரண்டு பட்டைகளாகத் தெரிகிறது. தொற்றியவற்றிலோ மேல்பட்டை மங்கி, நடுவில் கலங்கலான ஒரு பட்டை தோன்றுகிறது. ஆர்பிபி1-இன் வாலில் திரும்ப வரும் தொடரின் 2ஆம் இடத்துச் செரினில் ஏறிய பாஸ்பேட்டை (செரின் 2 பாஸ்பேட்) அறியும் ஆன்டிபாடி ஏறக்குறைய எதையுமே காட்டவில்லை. ஒப்பீட்டுக்கான ஆக்டின் புரதம் சமமாக உள்ளது. சாற்றில் பாஸ்பேட்டை நீக்கும் நொதிகளைத் தடுக்கச் சேர்க்கும் பாஸ்பேட்டேஸ் தடுப்பான் வேலை செய்யாததுதான் காரணமா?

மறுமொழி 1:
தடுப்பான் பழுதாகியிருந்தால், அதே கரைசலில் எடுத்த தொற்றாத செல்களிலும் மேல்பட்டை போயிருக்க வேண்டும். அது நிற்கிறது என்பதால் சந்தேகம் வைரஸின் மேல்தான். மனித ஆர்பிபி1-இன் வாலில் ஏழு அமினோ அமிலத் தொடர் 52 முறை திரும்ப வருகிறது, அதிலுள்ள செரின்களில் பாஸ்பேட் ஏறும் அளவைப் பொறுத்தே பட்டைகள் பிரிகின்றன. இவ்வைரஸ் தொற்றியபின் நடுவே தோன்றும் இடைநிலை வடிவம் 1990களிலேயே விவரிக்கப்பட்டது. அதற்கு ஐசிபி22 என்னும் வைரஸ் புரதம் இன்றியமையாதது, யூஎல்13 என்னும் வைரஸ் கைனேஸுக்கும் (பாஸ்பேட் ஏற்றும் நொதி) அதில் பங்குண்டு. செரின் 2 பாஸ்பேட்டைக் குறைக்க ஐசிபி22 மட்டுமே போதும்.

மறுமொழி 2:
மேலே சொன்னதை ஏற்கிறேன், ஆனால் எந்த ஆன்டிபாடியில் மொத்த அளவைப் பார்த்தீர்கள்? 8டபிள்யூஜி16 என்றால் அது பாஸ்பேட் ஏறாத வாலையே விரும்பிப் பற்றும். வால் மாறியதை நொதியே குறைந்ததாகப் படித்துவிடும் ஆபத்து உண்டு. என் அனுபவத்தில் இந்த ஆய்வில் அதிகக் குழப்பம் வருவது இங்கேதான். புரதத்தின் மறுமுனையான அமினோ முனையை அறியும் ஆன்டிபாடியையும், செரின் 5 பாஸ்பேட்டுக்கான ஆன்டிபாடியையும் அதே மாதிரியில் ஓட்டுங்கள்.

கேட்டவர்:
நன்றி, பயன்படுத்தியது 8டபிள்யூஜி16-தான். செல்லில் புரதங்களைச் சிதைக்கும் புரோட்டியாசோமைத் தடுக்கும் எம்ஜி132 சேர்த்துப் பார்த்தால் நொதி சிதைகிறதா என்பது தெரிந்துவிடுமா?

மறுமொழி 1:
புரோட்டியாசோம் தடுப்பான்கள் செரின் 2 வடிவத்தின் இழப்பைத் தடுப்பதாக ஆய்வுகள் உண்டு. ஆனால் தொடக்கத்திலேயே சேர்த்தால் தொற்றே தடைப்படும், அப்போது பட்டை திரும்பியதற்குக் காரணம் சொல்ல முடியாது. எனவே சில மணி நேரம் கழித்துச் சேர்த்து, வைரஸ் புரதம் ஒன்றையும் உடன் சோதியுங்கள். ஐசிபி22 நீக்கப்பட்ட வைரஸ் கிடைத்தால் அதுவே சிறந்த ஒப்பீடு. ஜெல் 6 சதவீதத்துக்கு மேல் வேண்டாம். 200 கிலோடால்டனைத் தாண்டிய இப்பட்டைகள் அதைவிட அடர்ந்த ஜெல்லில் பிரியாது.