ஒருவர் விலகினாலும் நிலைகுலையாத குழுவை எப்படி அமைப்பது?

கேள்வி:
வணக்கம். 11 பேர் கொண்ட மென்பொருள் பராமரிப்புக் குழுவுக்கு நான் மூன்று ஆண்டுகளாகத் தலைமை வகிக்கிறேன். பெரிய பழுது எதுவானாலும் ஒரே ஒரு மூத்த உறுப்பினர்தான் சரிசெய்கிறார். சென்ற மாதம் அவர் விடுப்பில் இருந்தபோது தரவுத்தளம் முடங்கியதால், இரவு 2 மணிக்கு அவரைத் தொலைபேசியில் எழுப்ப நேர்ந்தது. அவர் கோபித்துக்கொள்ளவில்லை, "முன்பே தெரிந்திருந்தால் விடுப்பே எடுத்திருக்க மாட்டேன்" என்றார். அந்தப் பதில்தான் என்னை உறுத்துகிறது. கடந்த ஓராண்டில் மூவர் வேறு விலகிவிட்டார்கள். புதிதாக இருவரைத் தருவதாக நிர்வாகம் சொல்கிறது. இது போதுமா?

மறுமொழி 1:
போதாது, அவசரப்பட்டால் நிலைமை இன்னும் மோசமாகும். ஐபிஎம் நிறுவனத்தின் ஓஎஸ்/360 என்ற கணினி இயங்குதளப் பணியை வழிநடத்திய ஃபிரெட் புரூக்ஸ், ஏற்கெனவே தாமதமான மென்பொருள் பணியில் ஆட்களைச் சேர்த்தால் அது மேலும் தாமதமாகும் என்று 1975இல் எழுதினார். 11 பேருக்கிடையே இருவர் இருவராகக் கணக்கிட்டால் 55 தொடர்புகள். 13 பேரானால் 78. அதைவிட முக்கியமாக, புதியவர்களுக்குக் கற்பிக்கும் சுமையும் அதே மூத்தவர் தலையில்தான் விழும். ஒருவரை மட்டும் முதலில் எடுங்கள். அவருக்குக் கற்பிக்கும் பொறுப்பை, அண்மையில் சேர்ந்து வேலை பழகியவரிடம் கொடுங்கள். எங்கே தடுமாறினோம் என்பது அவருக்கு இன்னும் மறந்திருக்காது.

மறுமொழி 2:
எங்கள் குழுவிலும் இதே கதைதான். முதலில் அனைத்தையும் ஆவணப்படுத்தச் சொன்னேன். 60 பக்கம் எழுதப்பட்டது, ஒருவரும் படிக்கவில்லை. பிறகு முறையை மாற்றி, இளையவர் விசைப்பலகையில் அமர, மூத்தவர் அருகிலிருந்து சொல்ல மட்டும் வேண்டும் என்று வைத்தேன். முதல் நாள் அவர் கை நான்கு முறை மவுஸை நோக்கிப் போனது. மறுநாள் அவர் கையில் ஒரு குறிப்பேட்டைக் கொடுத்து, இளையவர் கேட்கும் கேள்விகளை எழுதச் சொன்னேன். அந்தக் கேள்விகளே பின்னர் பயனுள்ள ஆவணமாயின. இதற்கு ஐந்து மாதங்கள் பிடித்தன. அதுவரை வேலை மந்தமாகத்தான் நடந்தது, மேலிடத்தில் ஏச்சும் வாங்கினேன்.

இன்னொன்றையும் பாருங்கள். நள்ளிரவில் வந்து காப்பாற்றுபவருக்கே ஊதிய உயர்வும் பாராட்டும் கிடைக்கும் இடத்தில், தம் வேலையைப் பிறருக்குக் கற்றுத்தர அவருக்கு என்ன காரணம் இருக்கிறது?

மறுமொழி 3:
விலகிய மூவரிடமும் காரணம் கேட்டீர்களா? 1990களில் மருத்துவமனைக் குழுக்களை ஆராய்ந்த ஏமி எட்மண்ட்சன், நன்றாக இயங்கும் குழுக்களில்தான் தவறுகள் அதிகம் பதிவாகியிருப்பதைக் கண்டார். அங்கே தவறுகளை மறைக்காமல் பேச முடிந்தது என்பதே அவர் தந்த விளக்கம். உங்கள் குழுவில் குறைகள் காதுக்கு வரவில்லை என்றால், அதை நல்ல அறிகுறியாகக் கொள்ள வேண்டாம்.

கேட்டவர்:
மூவருக்கும் நன்றி. விலகியவர்களில் ஒருவரிடம் நேற்றுப் பேசினேன். "இரண்டு ஆண்டுகளில் ஒரு பெரிய பழுதைத் தொடக்கூட எனக்கு வாய்ப்புக் கிடைக்கவில்லை" என்றார். ஒருவரையே நம்பியிருப்பதையும் மற்றவர்கள் விலகுவதையும் வெவ்வேறு சிக்கல்களாக நான்தான் நினைத்திருக்கிறேன். இப்போதைக்குப் புதியவர் ஒருவரை மட்டும் கேட்டிருக்கிறேன். அடுத்த வாரம் முதல் இரவுப் பொறுப்பு சுழற்சி முறையில் வரும். முதல் வாரப் பட்டியலில் மூத்தவரின் பெயர் இல்லை. அவரிடம் இதை இன்னும் சொல்லவில்லை.