மூன்றாம் வரிசை: ‘எஸ்டேட்’டுக்கு ஒரு முன்மொழிவு

அன்புள்ள நண்பர்களுக்கு,

புரட்சிக்கு முந்திய பிரான்சின் சட்டம் மக்களை மூன்றாகப் பிரித்திருந்தது, அவை ஒவ்வொன்றும் ஓர் ‘எஸ்டேட்’. பிரெஞ்சுப் புரட்சியைப் பற்றித் தமிழில் எழுதும்போது இந்தச் சொல்லுக்கு இதுவரை வர்க்கம், பிரிவு, சாதி என்று மூன்று சொற்கள் வந்திருக்கின்றன. அப்படியே ‘எஸ்டேட்’ என்று விட்டால் படிப்பவர் மனத்தில் தேயிலைத் தோட்டம்தான் எழும். ‘பிரிவு’ எதற்கும் பொருந்தும், அதனாலேயே எதையும் சொல்லாது. நான் ‘வரிசை’ என்ற சொல்லை முன்வைக்கிறேன்.

> வர்க்கம் என்பது பழகிய சொல். புதிதாக ஒன்று எதற்கு?

ஐயா, பழகிய சொல் என்பது உண்மை. ஆனால் இந்த இடத்தில் அது புரட்சியின் காரணத்தையே மறைத்துவிடுகிறது. வர்க்கம் என்பது சொத்தையும் தொழிலையும் வைத்துப் பார்ப்பது. பிரான்சில் குருமார் முதலாவது, பிரபுக்கள் இரண்டாவது, மற்ற எல்லாரும் மூன்றாவது என்று பிரித்தது சட்டம். போர்தோ துறைமுகத்தில் சொந்தக் கப்பல் வைத்திருந்த வணிகர் மூன்றாவதில் இருந்தார், அவருடைய சரக்கைச் சுமந்த கூலியாளும் அதிலேயே இருந்தார். மக்களில் நூற்றுக்குத் தொண்ணூற்றேழு பேருக்கு மேல் அந்த ஒரே கூடைக்குள். முதலாவதைப் பாருங்கள். ஸ்ட்ராஸ்பூர் ஆயருக்கு ஆண்டு வருமானம் லட்சக்கணக்கான லிவர் (அக்காலப் பிரெஞ்சு நாணயம்). கிராமத்துப் பங்குக்குருக்கள் பலருக்கு ஊதியத்தை 1786இல் உயர்த்திய பிறகும் ஆண்டுக்குக் கிடைத்தது 700 லிவர். இருவரையும் ஒரே வர்க்கம் என்று எப்படி எழுதுவது?

அரசின் முதன்மையான நேரடி வரியிலிருந்து குருமாருக்கும் பிரபுக்களுக்கும் பெரும்பாலும் விலக்கு. உழவரோ அரசுக்கு வரி, தேவாலயத்துக்குத் தசமபாகம், நிலப்பிரபுவுக்கு விளைச்சலில் பங்கு என்று மூன்று பக்கமும் கொடுத்தார்கள். வசதி படைத்தவர்களுக்கு வேறொரு மனக்குறை. 1781இல் வந்த ஆணைப்படி, நான்கு தலைமுறைப் பிரபுத்துவத்தைக் காட்ட முடியாதவர் படையில் நேரடியாக அதிகாரியாகச் சேர்வது ஏறத்தாழ முடியாததாயிற்று. படித்த வழக்கறிஞருக்கும் பசித்த உழவருக்கும் வாழ்க்கையில் பொதுவானது ஏதும் இல்லை, சட்டம் இருவரையும் நிறுத்திய இடம் மட்டுமே ஒன்று. புரட்சிக்குத் தோள் கொடுத்த கூட்டணி அங்கேதான் உருவானது. ‘மூன்றாம் வர்க்கம்’ என்று எழுதினால் அது கண்ணில் படாது.

கருவூலம் காலியானதும் இதே முட்டுச்சந்தில்தான் வந்து நின்றது. அமெரிக்க விடுதலைப் போருக்குச் செலவிட்டு, 1788 வாக்கில் அரசின் செலவில் பாதியளவு கடனுக்கே போய்க்கொண்டிருந்தது. எல்லா நிலத்துக்கும் வரி என்று அமைச்சர் கலோன் சொன்ன திட்டத்தை 1787இல் கூடிய மேன்மக்கள் அவை ஏற்கவில்லை. வேறு வழியின்றி, மூன்று எஸ்டேட்டுகளின் பிரதிநிதிகளும் கூடும், 1614க்குப் பிறகு கூட்டப்படாமலிருந்த பேரவையை 1789 மே 5 அன்று வெர்சாயில் கூட்டினார் மன்னர் பதினாறாம் லூயி. மூன்றாவதற்குச் சுமார் 600 பேர், மற்ற இரண்டுக்கும் தலா 300 பேர் அளவில். தலைக்கு ஒரு வாக்கா, வரிசைக்கு ஒரு வாக்கா என்பதுதான் சிக்கல். வரிசைக்கு ஒன்று என்றால் எதிலும் இரண்டுக்கு ஒன்று என்று மூன்றாவது தோற்கும். இதே வேளையில் பாரிசில் நாலு பவுண்டு ரொட்டியின் விலை எட்டு, ஒன்பது சூவிலிருந்து (இருபது சூ ஒரு லிவர்) பதினைந்து சூவை நெருங்கியிருந்தது. ஒரு கூலியாளின் நாள் வருமானம் இருபது, முப்பது சூ.

‘வரிசை’ ஏன் என்று சொல்கிறேன். தமிழில் அது ஒருவர் பின் ஒருவர் நிற்பது மட்டுமில்லை. தகுதி, தகுதிக்குரிய மதிப்பு, அந்த மதிப்புக்காகத் தரப்படும் சிறப்பு எல்லாம் அதில் அடங்கும். புறநானூற்றில் ‘வரிசை அறிதல்’ என்றால் அவரவர் தகுதி அறிந்து சிறப்புச் செய்வது. பேரவை கூடியபோது பிரபுக்கள் பொன்சரிகையும் இறகுத் தொப்பியுமாக வந்தார்கள், மூன்றாவதின் பிரதிநிதிகள் அலங்காரமில்லாத கறுப்பு உடையில் வர வேண்டும் என்பது விதி. உடுப்பில்கூட வரிசை காத்த சமூகம் அது. ‘சாதி’யும் இங்கே ஒட்டாது. குருத்துவம் பிறப்பால் வருவதில்லை, பிரபுப் பட்டத்தைப் பதவி விலைக்கு வாங்கியும் அடையலாம்.

> வரிசை என்றால் ரொட்டிக்கடை முன் நிற்பதாக நினைத்துவிட மாட்டார்களா?

தனிச்சொல்லாக நின்றால் அப்படி ஆகலாம், அம்மா. ‘மூன்றாம் வரிசை’, ‘வரிசைவாரி வாக்கு’, ‘முவ்வரிசைப் பேரவை’ என்று தொடரில் வரும்போது குழப்பம் இருக்காது. ஜூன் 13 அன்று நடந்ததை எழுதிப் பார்த்தேன்: ‘புவாத்து பகுதியின் பங்குக்குருக்கள் மூவர் தம் வரிசையை விட்டு மூன்றாம் வரிசையோடு சேர்ந்தனர்.’ படிப்பவருக்கு அதன் கனம் உடனே தெரிகிறது. குருமார் பிரதிநிதிகளில் இருநூறுக்கும் மேற்பட்டோர் இத்தகைய பங்குக்குருக்கள்தான். ஜூன் 17இல் மூன்றாம் வரிசை தன்னைத் தேசிய அவை என்று அறிவித்தது. பத்து நாளில் மன்னரே மற்றவர்களையும் அதில் போய்ச் சேரச் சொன்னார். ஆயுதம் ஏந்திய பாரிஸ் மக்கள் ஜூலை 14இல் பஸ்தீ சிறைக்கோட்டையைப் பிடித்தபின், அந்த அவையை இனிப் படைகொண்டு கலைக்க முடியாது என்றாயிற்று.

விளைவுகளை எழுதும்போது இந்த வேறுபாடு இன்னும் அவசியம். ஆகஸ்ட் 4 இரவு தொடங்கி வரிசைச் சலுகைகள் ஒழிந்தன. வரிசை போனதும் அதுவரை அதன் அடியில் கிடந்த வர்க்கம் வெளியே வந்தது. 1791 அரசியலமைப்பு, மூன்று நாள் கூலிக்குச் சமமான நேரடி வரி கட்டிய ஆண்களுக்குத்தான் வாக்குக் கொடுத்தது. 1789 அக்டோபரில் வெர்சாய்க்கு நடந்து போய் மன்னரைப் பாரிசுக்குக் கொண்டுவந்த பெண்களுக்கு அது இல்லவே இல்லை. அதே 1791இல் லெ ஷப்லியே சட்டம் தொழிலாளர் கூட்டாகக் கூலி கேட்பதைத் தடை செய்தது. நிலப்பிரபுவுக்குச் செலுத்த வேண்டியவை பல, ஈடு கட்டினால்தான் நீங்கும் என்றிருந்தது. முடியாட்சி 1792 செப்டம்பரில் ஒழிந்தும், ஈடில்லாமல் அவை ரத்தாக 1793 ஜூலை வரை உழவர்கள் காத்திருந்தார்கள். ‘வர்க்கம்’ என்ற சொல்லை இந்தப் பக்கங்களுக்கு வைத்துக்கொள்வோம். முதல் பக்கத்திலேயே செலவழித்துவிட்டால் இங்கே கையில் சொல் இருக்காது.

அந்த வரி கட்ட முடியாத ஆண்களைச் ‘செயலற்ற குடிமக்கள்’ என்று எழுதுவதும் எனக்குச் சரியாகப் படவில்லை. பஸ்தீ முன் நின்றவர்களில் பலர் அவர்கள்தான். ‘வாக்கிலாக் குடிமக்கள்’ என்று வைக்கலாமா? உங்கள் கருத்தைச் சொல்லுங்கள்.